எடிர்னே மருத்துவமனையில் இசையும் மலரும்

துருக்கியின் எடிர்னே நகரில், துன்ஜா ஆற்றங்கரையில், உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் நிறுவிய வக்ஃப் வளாகம் 1488இல் நிறைவுற்றது. பள்ளிவாசல், மருத்துவ மதரஸா, அன்னசாலை ஆகியவற்றுடன் ஒரு தாருஷ்ஷிஃபாவும் அதில் இடம்பெற்றது. மனநோயாளருக்கு அங்கே இசையே மருந்தாயிற்று என நம் மேடைகளில் பெருமையோடு பேசப்படுவதுண்டு. அச்செய்தியின் மூலம் எது எனக் கேட்போர் குறைவு.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலபியின் 'சியாஹத்நாமா'வே அம்மூலம். பாடகரும் கருவியிசைப்போருமாகப் பத்துப் பேர் வாரம் மூன்று முறை நோயாளர்முன் இசைத்தனர் என்கிறார் அவர். இசை ஆகுமா ஆகாதா என்னும் நெடிய விவாதத்தை அறிந்த நமக்கு இது வியப்பூட்டலாம். அவர் கூற்றுப்படி, அக்கலைஞர்களை நியமித்ததே வக்ஃபை ஏற்படுத்திய சுல்தான்தான். வசந்தகாலத்தில் நர்கிஸ், மல்லிகை, ரோஜா முதலிய மலர்களை நோயாளர் கையில் கொடுத்து முகரச் செய்தனராம். கௌதாரி போன்ற பறவைகளின் இறைச்சியைப் பக்குவமாய்ச் சமைத்தும் அளித்தனராம். அதே பக்கங்களில், கழுத்தில் சங்கிலி பூட்டப்பட்டுச் சிங்கம்போல் கர்ச்சித்த நோயாளரையும் அவர் காட்டுகிறார். மலரை எடுத்துரைக்கும் நாம் சங்கிலியை விட்டுவிடுகிறோம், இது நேர்மையன்று.

எவ்லியா மிகைப்படுத்திக் கூறும் இயல்பினர். ஆதலின் அவர் தரும் எண்ணிக்கைகளைவிடக் கட்டடத்தின் சாட்சியத்தையே நாம் பெரிதாய் மதிக்கிறோம். அறுகோணக் கூடத்தின் நடுவே நீரூற்று. மேலே ஒளி இறங்கும் திறப்புடைய குவிமாடம். சுற்றிலும் குளிர்காலத்துக்குரிய அறைகளும் கோடைக்குரிய திறந்த மாடங்களும். நடுக்கூடத்தில் எழும் ஒலி எல்லாத் திசைகளிலும் படுக்கைகளைச் சென்றடையும்.

இவ்வமைப்பின் பின்னே ஒரு மருத்துவக் கொள்கை இருந்தது. காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், அசைவும் ஓய்வும், கழிவதும் தங்குவதும், உள்ளத்தின் உணர்ச்சிகள் ஆகிய ஆறும் உடல்நலத்தை ஆளும் என்பதே அது. 11ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் தம் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா'வில் இவ்வாறையும் பிணியில்லாதார்க்கும் பயன்படும் வகையில் அட்டவணைகளாக வகுத்தார். அவர் கிறிஸ்தவர், அந்நூலோ முஸ்லிம் உலகின் பொதுச்சொத்தாயிற்று. நறுமணமும் இன்னிசையும் நோயாளர்க்கு மட்டுமேயான சிகிச்சையாகக் கருதப்படவில்லை. நலமுடையோர் தம் அன்றாட வாழ்வில் பேண வேண்டியவையே மருத்துவமனைக்குள்ளும் சென்றன.

அக்கட்டடம் 1997இல் ஓர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மருத்துவ மதரஸாவின் மாணவர் அறைகளையும் அங்கே காணலாம்.