தெக்கே தள்ளி உக்காருங்க!

ஆடித்தபசுக்குக் கூடுற மாதிரி கூடியிருக்கிற சங்கரன்கோவில் பெருமக்களே!

எதிரணி அண்ணாச்சி ஒரு போடு போட்டாங்க. "1802-லே பரங்கிமலையிலே ஏழரை மைல் சங்கிலி பிடிச்சு, இந்தியாவையே அளக்க ஆரம்பிச்ச லாம்டன் ஒரு ஆம்பளை. பொம்பளைக்குத் திசை தெரியாது, வேப்பமரம், பெட்டிக்கடைன்னு அடையாளம்தான் தெரியும்"னாங்க. (சிரிப்பு) சரி அண்ணாச்சி, அந்தச் சங்கிலியை எந்தப் பொம்பளை கையிலே குடுத்துப் பாத்தாங்க? (கைதட்டல்)

திசை தெரியாதாம்! நம்ம பக்கத்துக் கிராமத்துப் பந்தியிலே அத்தை என்ன சொல்லுதாங்க? "செத்த தெக்கே தள்ளி உக்காருங்க." எரிக் பெடர்சன் என்ற மொழியியல் அறிஞர் 1990-களில் தமிழர்கள் இடம் சொல்லும் விதத்தை ஆராய்ந்தார். கிராமத்துப் பேச்சில் வடக்கு, தெற்கு; நகரத்துப் பேச்சில் இடது, வலது. அவர் கண்ட பெரிய வித்தியாசம் அதுதான்.

வழி கண்டுபிடிக்கும் சோதனைகள் பலவற்றில், சராசரியில் ஆண்கள் முந்துகிறார்கள். உண்மைதான், மறுக்கலை. ஏன் முந்துகிறார்கள்? அதைக் கேக்கணுமில்ல! 2011-இல் வெளியான ஓர் ஆய்வு. வடகிழக்கில் காசி மக்கள், கர்பி மக்கள் என்று பக்கத்துப் பக்கத்து இனங்கள். காசியில் சொத்து கடைசி மகளுக்கு, கர்பியில் மகனுக்கு. 1,200 பேருக்கு மேல் நாலு துண்டுப் படப் புதிர் ஒன்றைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள். கர்பியில் ஆண்கள் வேகம். காசியிலோ ஆண், பெண் வித்தியாசமே இல்லை!

"புதிர் வேற, தெரு வேற"ன்னு அண்ணாச்சி முணுமுணுக்காங்க. நியாயந்தான். படகோட்டி வழி தேடுற ஒரு செல்போன் விளையாட்டை வச்சு 57 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2018-லே வந்தது. ஆண், பெண் சமத்துவம் கூடின நாட்டிலே இந்த இடைவெளியும் குறைவு.

ஏன்? சுத்தினவனுக்குத்தானே ஊர் தெரியும்! பையன் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் புளியங்குடி வரைக்கும் போயிட்டு வருவான். பொண்ணு தெருமுனைக்குப் போனா, "எங்கட்டி போறே?" அப்புறம் ஒரு நாள் தாலி கட்டி, முன்னப்பின்ன பாக்காத ஊரிலே கொண்டு விட்டுருவோம். 2011 கணக்கெடுப்பிலே இடம் பெயர்ந்தவங்க 45 கோடிக்கு மேலே. மூணிலே ரெண்டு பங்கு பெண்கள். அவங்கள்ல பெரும்பாலோர் சொன்ன காரணம் கல்யாணம். அந்தப் புது ஊரிலே கிணறு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அவளாத்தானே கண்டுபிடிச்சுக்கிட்டா?

புதுக்கோட்டைக்கு வாங்க. 1991-லே ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோட சைக்கிளும் கத்துக் குடுத்தது. கேலி பேசாத வாயில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கிலே ஏறினாங்க. குவாரியிலே கல் உடைக்கிற பெண்களும் ஏறினாங்க. 1992 மகளிர் தினத்தன்னிக்கு கைப்பிடியிலே கொடி கட்டிக்கிட்டு 1,500 பேர் ஊர்வலம் போனாங்க! (கைதட்டல்) லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்திருச்சு. "பரவால்லை, ஜென்ட்ஸ் சைக்கிளே குடுங்க"ன்னு வாங்கினாங்க. அதிலேதான் முன்னாலே ஒரு கம்பி உண்டு. பிள்ளையை உக்கார வச்சுக்கலாம்.