மச்சினர் கொடுத்த சிகாகோ ஷூ

போன மாதம் திண்டுக்கல்லில் அண்ணன் பேத்தி கல்யாணம். ஆறு வருஷமாக அட்டைப் பெட்டியோடு அலமாரியில் இருந்த கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மண்டப வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர ஆரம்பித்தது. நடந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். கம்பெனி பெயர் வேண்டாம். மூவாயிரத்துச் சொச்சம் விலை, மொத்தமே நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன். பாலியூரித்தேன் அடிப்பாகத்துக்கு இது சகஜமாம். போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே சில வருஷத்தில் நொறுங்கிவிடுமாம்.

வெறுங்காலோடு பந்தியில் உட்கார்ந்தபோதுதான் என் பழைய ஃப்ளோர்ஷைம் ஞாபகம் வந்தது.

அது 1979-இல் வீட்டுக்காரியின் அண்ணன் சிகாகோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ரெவின்யூ ஆபீசில் கிளார்க்காக இருந்த எனக்கு அது அதிகம்தான். கனமான தோல், கனமான அடி. குதிகால் ஓரத்தில் ‘வி’ வடிவத்தில் ஓர் இரும்புத் தகடு. சிமெண்ட் தரையில் நடந்தால் டக் டக்கென்று கேட்கும். "லாடம் கட்டின கிளார்க் வர்றார்" என்று ஆபீசில் கேலி செய்வார்கள். எங்கள் ரெட்டியார்சத்திரம் கோபிநாத சுவாமி மலைக்கு மாட்டுக்காக வேண்டிக்கொண்டு ஜனங்கள் வருகிற ஊர். லாடம் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த ஷூவுக்கு மூன்று தடவை அடி மாற்றினேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் மாற்றிக் கொடுத்தவர். முதல் தடவை தையலைப் பிரித்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்க சார், பசையை நம்பாம தையலை நம்பியிருக்கான்." மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடியைத் தனியாகத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து வேறு போடலாம், மேல்பாகத்துக்குச் சேதம் இல்லை. இதற்குக் குட்இயர் வெல்ட் என்று பெயர். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கண்டுபிடித்த குட்இயரின் மகன் பெயரில் வழங்குவது.

ஃப்ளோர்ஷைம் 1892-இல் சிகாகோவில் சிக்மண்ட், மில்டன் என்ற அப்பாவும் மகனும் ஆரம்பித்த கம்பெனி. ஷூவில் விற்கிற கடைக்காரன் பெயரைப் போடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் இவர்கள் தங்கள் பெயரைப் போட்டார்கள். குறை என்றால் பதில் சொல்லத் தயார் என்றுதானே அர்த்தம்? 1953-இல் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெரிய ஷூ கம்பெனி இதை வாங்கியது. பின்னால் அந்தக் கம்பெனி இன்டர்கோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்போதும் தரத்துக்குக் கேடு வரவில்லை. என் ஜோடி அந்தக் காலத்துச் சரக்குதான்.

கேடு வந்தது வேறு பக்கத்திலிருந்து. 1988-இல் ராலெஸ் என்ற சகோதரர்கள் பங்குகளை வாங்கி இன்டர்கோவைக் கைப்பற்றப் பார்த்தார்கள். அவர்களைத் தடுக்க நிர்வாகம் பெருங்கடன் வாங்கியது. எதிரி போய்விட்டான், கடன் நின்றுவிட்டது. 1991-இல் இன்டர்கோ திவால் மனு போட்டது. 1994-இல் ஃப்ளோர்ஷைமையும் கான்வர்ஸையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது நல்ல தோலும் நிதானமான தையலும் யாருக்கு வேண்டும்? அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2002-இல் ஃப்ளோர்ஷைமும் திவால். அதே குடும்பத்து வாரிசுகள் நடத்தும் வேய்கோ என்ற கம்பெனி பெயரை வாங்கிக் காப்பாற்றியது. ஆனால் தைப்பது இப்போது இந்தியாவிலும் சீனாவிலும்.

மச்சினர் கடைசியாக வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "பழைய மாதிரி இல்லை மாப்பிள்ளை. இந்தியாவுல தைக்கிறான்ல, அதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வத்தலகுண்டு ரோட்டுத் தோல் ஷாப்புகளின் வாசனை தெரியாத திண்டுக்கல்காரன் உண்டா? சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் பதப்படுத்தி, கடுக்காய் போட்டு முடித்த ஆட்டுத்தோல் இங்கிருந்து மெட்ராஸ் போய் லண்டனுக்குக் கப்பலேறியது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று சீமையில் அதற்கு மரியாதை. (அந்தத் தோல் ஷாப்புகள் நம் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்ததையும் நான் மறக்கவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை அனுப்புவதற்கு 1970களில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுப் பொருளாகச் செய்து அனுப்பு என்பதுதான் நோக்கம். அப்புறம்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஷூ தைக்கிற ஊர்களாகப் பெருகின.

மச்சினரிடம் இவ்வளவும் சொன்னேன். ஆம்பூரிலும் வெல்ட் தைக்கிற மெஷின் இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. பசை போட்டு ஒட்டிக் கொடு, இத்தனை டாலருக்குள் கொடு என்று ஆர்டர் வந்தால் ஒட்டித்தான் கொடுப்பார்கள். "தையல்காரன் மேல பழி போடாதீங்க மச்சான், கடன் வாங்கினவன் மேல போடுங்க" என்றேன். சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வேப்பமரத்தடிப் பெரியவர் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் பரணிலிருந்து ஃப்ளோர்ஷைமை இறக்கித் துடைத்தேன். தோல் கொஞ்சம் வெடித்திருக்கிறது, தையல் ஒன்றும் விடவில்லை. பேரன் காலை நுழைத்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு சைஸ் சின்னது.