வெல்லா வாத்தியாரின் அரபு

போன மாதம் எங்கள் றெஸ்ரோரண்டுக்கு ஒரு இத்தாலியப் பெட்டை வந்தாள். இங்கே பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் அரபு படிக்கிறவள். குசினியில் என்னோடு நிற்கிற துனீசியாக்காரனிடம் அரபில் கதைத்துப் பழகவேண்டும் என்று ஆசை. அவள் கதைத்தது அவனுக்கு விளங்கியது. அவன் சொன்ன மறுமொழிதான் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாள்" என்று பிறகு சொல்லிச் சிரித்தான். எழுதுகிற அரபு ஒன்று, வீட்டு அரபு இன்னொன்று. தமிழருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்த ஊரே ஒரு காலம் அரபு பேசின ஊர்தான். 831ல் அரபுகள் பிடித்தார்கள், 1072ல் நோர்மன்காரர் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் நோர்மன் அரசர்களின் கந்தோரில் பத்திரங்கள் அரபிலும் எழுதப்பட்டன. அது படித்தவர்களின் அரபு. தெருவில் பேசினது சிசிலிக்கே உரிய அரபு. 13ம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் முஸ்லிம்களைப் பிடித்து இத்தாலிப் பெருநிலத்தில் லூச்செராவுக்கு அனுப்பினான். (சனங்களை ஊரோடு கிளப்புவது புதுக்கதை இல்லை.) பேசினவர்கள் போக மொழியும் போனது. மிஞ்சினது பக்கத்துத் தீவான மால்டாவில். மால்டா மொழி அந்தச் சிசிலி அரபின் பிள்ளை.

இப்போது வெல்லாவின் கதைக்கு வருகிறேன். 1782ல் மொறோக்கோத் தூதுவரின் கப்பல் புயலில் அகப்பட்டுப் பலேர்மோவுக்கு வந்தது. அரபு தெரிந்தவர் ஊரில் இல்லை. ஜியுசெப்பே வெல்லா என்ற மால்டாப் பாதிரியாரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது தாய்மொழி மட்டும்தான். எழுத்து அரபு ஏறக்குறைய இல்லை. சான் மார்த்தினோ மடத்திலிருந்த ஒரு அரபுச் சுவடியைத் தூதுவருக்குக் காட்டினார்கள். நபியின் வாழ்க்கை வரலாறு என்றார் அவர். ஆனால் அவர் சொன்னது வெல்லாவின் வாயால்தானே வரவேண்டும்? சிசிலியின் அரபு ஆட்சி வரலாறு இதில் இருக்கிறது என்று விட்டார் வெல்லா!

அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் இந்த இடம் சிரிப்பாக இராது. எனக்கு வந்தவர் கள்ளர் இல்லை, நல்ல தமிழ் படித்தவர். எங்கடை பக்கத்துப் பேச்சுத்தான் அவருக்குத் தெரியாது. "பெடியளுக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள் எண்டு ஆமி தேடினது" என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏன் இராணுவம் தேடவேண்டும் என்று கேட்டார்கள். விளங்கப்படுத்தி முடிய அரை நாள்.

வெல்லா இல்லாத கடிதங்களை எல்லாம் உண்டாக்கினார். 1785ல் இங்கே பல்கலைக்கழகத்தில் அரபு கற்பிக்கிற பதவியே கிடைத்தது. 1789 முதல் தொகுதி தொகுதியாக அச்சில் வந்தது. பிறகு 'எகிப்தின் ஆலோசனைச் சபை' என்று இன்னொன்று. அது பிரபுக்களின் காணி உரிமைகளை எல்லாம் அரசன் பக்கம் சாய்த்தது. பிரபுக்களுக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? லியொனார்தோ ஷாஷா 1963ல் இதே தலைப்பில் நாவல் எழுதினார், கிடைத்தால் வாசியுங்கள். ரொசாரியோ கிரெகோரியோ என்ற பலேர்மோக் குருவானவருக்குச் சந்தேகம். தானே அரபு படித்துக் குட்டை உடைத்தார். 1796ல் வெல்லாவுக்குத் தண்டனை.

எனக்கு அவர் மேல் கோபத்தைவிட மனவருத்தம்தான் கூட. பழைய பலேர்மோவின் அரபு எங்கே என்று ஊரே தேடினது. அதன் மிச்சம் அவர் வாயில் இருந்தது. அதற்கு ஒரு பதவியும் கிடைக்காது, அதுதான் பெரிய அரபு தெரிந்தவர் மாதிரி நடித்தார். அவருக்குத் தண்டனை கிடைத்த அதே 1796ல் மிக்கியல் அந்தோன் வஸ்ஸாலி என்ற இன்னொரு மால்டாக்காரர் ரோமில் அந்தப் பேச்சுமொழிக்கு அகராதி அச்சிட்டார். 1934ல் அது மால்டாவில் அரசகரும மொழி. 2004ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும்.

வேலை முடிந்தபிறகு துனீசியாக்காரனுக்கு மால்டா வானொலியைப் போட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுவந்தான். கொஞ்சநேரம் பேசவில்லை.

"ஆர் இவங்கள்? எங்கடை அம்மம்மா இத்தாலியன் கலந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான்.