யாருக்கும் எழுதித் தரப்படாத சானெட்டுகள்

ஒரு சிறுநூல். முகப்பில் 'ரெடிங், 1847' என்றிருக்கும். ஆசிரியர் பெயருக்குப் பதில் இ. பி. பி. என்ற மூன்று முதலெழுத்துகள். மொத்தம் 47 பக்கங்கள். எலிசபெத் பாரெட் பிரௌனிங் தன் காதலர் ராபர்ட்டை நினைத்து எழுதிய சானெட்டுகள் 1850இல்தான் முதன்முதலில் நூலேறின என்று உலகம் நம்பியிருந்தது. அதற்கு மூன்றாண்டு மூத்த பதிப்பு கிடைத்தால் முதற்பதிப்பு சேகரிப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

இதற்கு ஒரு பிறப்புக் கதையும் இருந்தது. பைசா நகரில் ஒரு காலை, எலிசபெத் கணவரின் பின்னால் வந்து, அவர் கோட்டுப் பையில் தாள்களைத் திணித்துவிட்டுத் தன் அறைக்கு ஓடிவிட்டாராம். பிறகு தோழி மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் மூலம் ரெடிங்கில் சில பிரதிகள் அச்சாயினவாம். 1894இல் விமர்சகர் எட்மண்ட் காஸ் இதை எழுதினார். அழகான கதை, அதனாலேயே யாரும் கிளறிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கவிதைகளை 1849இல்தான் பார்த்ததாக ராபர்ட்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சிறுநூலைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ஜே. வைஸ். நூற்பட்டியல் கலையில் லண்டனில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவரை நம்பி வாங்கியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள்.

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகளுக்கு உறுத்தியது ஒரு வெறுமை. தனிச்சுற்றுக்கென்று ஒரு கவிஞர் அச்சிடுவது எதற்கு? வேண்டியவர்களுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கத்தானே! எலிசபெத் எழுதிக் கொடுத்த பிரதி ஒன்றுகூட அகப்படவில்லை. அக்காலத்தவர் யாரும் தன் பெயரை எழுதி வைத்திருக்கவில்லை, அக்காலத்துப் பைண்டிங் இல்லை, படித்துப் பழுத்த அடையாளமும் இல்லை. 1913இல் பிரௌனிங் குடும்பத்து நூல்கள் ஏலத்துக்கு வந்தபோதும் இது தலைகாட்டவில்லை. பிறந்தவுடன் முப்பது, நாற்பது வருடம் யார் கையிலும் படாமல் இருந்துவிட்டு, புத்தம்புதிதாகக் கடைக்கு வந்த புத்தகம்!

பிறகுதான் பரிசோதனை. தாளில் ரசாயன மரக்கூழ். இங்கிலாந்தில் அது 1874க்கு முன் கிடையாது. அச்செழுத்திலும் குட்டு வெளிப்பட்டது. பழைய வார்ப்புகளில் 'எஃப்', 'ஜே' எழுத்துகளின் நுனி உலோகக் கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், எளிதில் முறியும். இந்நூலில் நுனி உள்ளடங்கியிருந்தது. அது 1880களின் வார்ப்பு. ஒட்டாமல் நின்ற ஒரு கேள்விக்குறியைப் பிடித்துக்கொண்டு, லண்டன் ரிச்சர்ட் கிளே அச்சகம் வரை போய்விட்டார்கள். 1934இல் அவர்களுடைய புத்தகம் வெளிவந்தது. வைஸைப் போலிக்காரர் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஷெல்லி, கீட்ஸ் பதிப்பாசிரியர் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மனும் கூட்டாளி என்பது பின்னால் தெரிந்தது.

வைஸ் 1937இல் இறந்தார். அவர் நூலகத்தை பிரிட்டிஷ் மியூசியம் விலைக்கு வாங்கியது. ரெடிங் சானெட்டுகளை இன்று வியாபாரிகள் 'வைஸ் போலி' என்றே பட்டியலில் போடுகிறார்கள். அதற்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், விலையும் மலிவில்லை.