மனோரா: படையிழந்த மன்னரின் வெற்றித்தூண்

ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்திலிருந்து தெற்கே பட்டுக்கோட்டையைக் கடந்து, நெல்வயல்கள் குறைந்து தென்னந்தோப்புகள் மிகும் நிலப்பகுதி வழியாகக் கடற்கரையை அடைந்தால், மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினம் என்னும் சிற்றூரில் மனோரா எனப்படும் எட்டு அடுக்குக் கோபுரத்தைக் காணலாம். இரண்டையும் எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியே. சத்திரம் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் பசி தீர்க்க எழுந்தது. மனோராவோ, தஞ்சை அரசுக்கு எவ்விதப் பங்கும் இல்லாத ஐரோப்பியப் போர் ஒன்றில் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட எழுந்தது.

இதன் பின்னணியில் தஞ்சையின் அரசியல் நிலை உள்ளது. 1758இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு வெற்றியின்றித் திரும்பியிருந்ததால், பிரெஞ்சுக்காரர் மீதான அச்சம் தஞ்சை அரண்மனைக்குப் புதிதன்று. ஆயினும், 1799 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் நீங்கலாக நாடு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குச் சென்றுவிட, சரபோஜி ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெறும் மன்னராக எஞ்சினார். போர் தொடுக்கப் படையோ, காக்க எல்லையோ இல்லாத அவர், மனோராவில் உள்ள கல்வெட்டில் ஆங்கிலேயரின் நண்பராகவும் நேச அரசராகவும் குறிக்கப்படுகிறார். இவ்வாசகத்தில் பெருமிதத்தைக் காட்டிலும் கம்பெனியிடம் தன் நிலையைக் காத்துக்கொள்ளும் எச்சரிக்கையே மிகுதி என்று கொள்வது பொருந்தும்.

சுமார் 75 அடி உயரமுள்ள இக்கோபுரம் அறுகோண அமைப்புடையது. மேலே செல்லச் செல்லக் குறுகும் அடுக்குகளை, வெளியே நீண்டு வட்டமாகச் சுற்றும் இறவாரங்கள், அதாவது சுவரை மழைநீர் தொடாதபடி நீட்டப்பட்ட விளிம்புகள், ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகின்றன. வளைவுச் சாளரங்களும் உள்ளே திருகிச் செல்லும் படிக்கட்டும் பள்ளிவாசல் மினாரை நினைவூட்ட, சுற்றியுள்ள மதிலும் அகழியும் சிறு கோட்டையின் தோற்றத்தைத் தருகின்றன. மலைக்கல் அரிதான காவிரிக் கழிமுகத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே கொத்தர்களின் கைவசம் இருந்த பொருள்கள் என்பதால், இவ்வளவு உயரத்தையும் அவற்றைக் கொண்டே எட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து தெளிவாகத் தெரியும் இக்கோபுரம் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது.

வாட்டர்லூ வெற்றியின் நினைவாக எழுந்தது என்று இதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கூற்றைச் சற்று நிறுத்தி ஆராய வேண்டும். வாட்டர்லூப் போர் நடந்தது 1815 ஜூன் 18 அன்று. ஆங்கிலக் கல்வெட்டோ 1814 என்னும் ஆண்டைத் தாங்கியிருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல்கள் வழியே மாதக்கணக்கில் பயணித்து வந்த அந்தச் செய்தியே கோபுரத்துக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். கட்டுமானம் 1815 வரை நீண்டதாகக் கொண்டாலும், கல்வெட்டு சுட்டும் வீழ்ச்சி முதலாவதே. எல்பாவிலிருந்து நெப்போலியன் தப்பி வந்து மீண்டும் அரியணை ஏறியபோது, அவரது வீழ்ச்சியைப் பறைசாற்றும் கல்வெட்டின் வாசகம் நூறு நாள் அளவுக்குப் பொய்த்துப்போனது.

தமிழர் மரபில் போர்ச்சின்னம் என்பது நடுகல்; ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் உருவையும், பிற்காலத்தில் பெயரையும் பொறித்து நடப்படுவது. மனோராவில் மாண்டவர் ஒருவருக்கும் இடமில்லை. வென்றவர்களின் பெருமையும், தோற்றவரின் பெயரும், கட்டுவித்தவரின் பெயருமே அங்கு உள்ளன.