மலை ஒன்று, கோடு இரண்டு

'மலையாளி' என்றதும் எல்லோருக்கும் கேரளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசுபவர்கள். மலையை ஆள்பவர் என்பதே அந்தப் பெயரின் பொருள் என்பார்கள்.

சித்தேரி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கிழக்கே கல்வராயன் மலை, தென்மேற்கே சேர்வராயன் மலை. சரிவுகளில் சிறு சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. சாமை, கேழ்வரகு, புளி, தேன் இவைதான் இவர்களது வாழ்வாதாரம்.

இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்று ஒரு வாய்மொழிக் கதை உண்டு. அந்தச் சகோதரர்கள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனப் பிரிந்து குடியேறினார்களாம். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி இவர்களே.

ஆனால் இந்தக் கணக்கில் எல்லா மலையாளிகளும் இல்லை! 1976-ல் திருத்தப்பட்ட பழங்குடியினர் பட்டியல் மலையாளிகளை மாவட்டவாரியாகத்தான் ஏற்கிறது. தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஆறு மட்டுமே அதில் உண்டு. கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து 1979-ல் பிரிந்த ஈரோடும் இல்லை.

விளைவு என்ன? காவிரிக்கு மேற்கே பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. பெயர் அதே, வாழ்க்கை அதே, மாவட்டம் மட்டும் வேறு. சான்றிதழ் இல்லாவிட்டால் படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு போய்விடும். 2006 வன உரிமைச் சட்டத்திலும் சிக்கல்தான். பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, வனத்தை நம்பி அங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பத்திரம், பட்டா எதுவும் இல்லாத குடும்பம் அதை எப்படிக் காட்டும்?

தர்மபுரியே 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதிதான். 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. அங்குள்ள மலையாளிகளின் உரிமை அதனால் பறிபோகவில்லை. தாய் மாவட்டம் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான்.

மாவட்ட எல்லைகள் ஆட்சி வசதிக்காகப் போடப்பட்டவை. மலையில் குடியேறிய மக்கள் அவற்றைப் பார்த்துக் குடியேறவில்லை. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. ஈரோட்டு மலையாளிகளின் கோரிக்கையும் அதுதான்.