இளங்குற்றமும் துணைப்பண்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

குற்றம் புரிந்த சிறுவன் ஒருவனைக் காணும்போது, ‘இவன் பிறவியிலேயே இப்படித்தான்’ என்று கூறிவிடுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவுலகிலும் இக்கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளியைத் தாடை, நெற்றி, காது முதலிய உடற்கூறுகளால் இனங்காணலாம் என வாதிட்டார். அக்கருத்து வீழ்ந்து, குற்றத்தின் வேரைச் சமூகத்தில் தேடும் நோக்கு எழுந்த வரலாறு ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

அவ்வரலாற்றில் அமெரிக்காவின் சிக்காகோ நகருக்குத் தனியிடம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் அங்கு ஆலைகளை அடுத்த நெருக்கடி மிக்க பகுதிகளில் வாழ்ந்தனர். பிரடெரிக் திராசர் என்னும் அறிஞர் அந்நகரின் 1,313 கும்பல்களை ஆராய்ந்து 1927இல் நூலொன்று வெளியிட்டார். தெருவில் விளையாடும் சிறுவர் குழு, பிறரோடு மோதும்போதே கும்பலாக இறுகுகிறது என்று அவர் காட்டினார். ஷா, மெக்கே ஆகிய இருவரும் இளங்குற்றவாளிகளின் வீடுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்து, 1942இல் தம் முடிவுகளை நூலாக்கினர். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் நீங்கிய பகுதிகளில் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்து குடியேறினர். மக்கள் மாறினர், ஆயினும், அப்பகுதிகளில் குற்ற விகிதம் தொடர்ந்து உயர்ந்தே இருந்தது. எனவே, குற்றம் ஓர் இனத்தின் குருதியில் ஊறியதன்று என்பது தெளிவாயிற்று.

வறுமை ஒன்றே காரணம் எனின், வறியோர் அனைவரும் திருட வேண்டுமன்றோ? இவ்வினாவிற்கு ராபர்ட் மெர்ட்டன் 1938இல் விடை கூற முயன்றார். செல்வமும் உயர்வும் எல்லார்க்கும் உரிய இலக்குகள் என்று போதிக்கும் சமூகம், அவற்றை அடையும் வழிகளைச் சிலருக்கே திறந்து வைக்கிறது. அவ்விடைவெளியே நெறிபிறழ்வை வளர்க்கிறது என்றார் அவர்.

ஆயினும், சிறுவர் சிலர் திருடிய பொருளைப் பயன்படுத்தாது வீசி எறிவது ஏன்? பள்ளியின் கண்ணாடிகளை உடைப்பதால் அவர்கள் பெறும் ஊதியம் யாது? ஆல்பர்ட் கோகன் 1955இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். அவர் கருத்துப்படி, தூய்மை, நேரந்தவறாமை, பேச்சொழுக்கம், பொறுமை என நடுத்தர வகுப்பார் போற்றும் பண்புகளைக் கொண்டே பள்ளி மாணவரை அளக்கிறது. அவ்வளவுகோலுக்கு வீட்டில் பழக்கப்படாத உழைப்பாளர் மகன் நாள்தோறும் தோற்கிறான். மதிப்பிழந்த சிறுவர்கள் ஒன்று கூடித் தமக்கென ஓர் அளவுகோலை ஆக்கிக்கொள்கின்றனர். பள்ளி இகழ்வது அங்குப் புகழாகிறது. பள்ளி போற்றுவது அங்கு நகைப்பிற்கு இடமாகிறது. பெரும் சமூகத்தினுள் தனி நெறிகளோடு இயங்கும் இத்தகைய வாழ்முறையையே துணைப்பண்பாடு என்பர்.

இக்கொள்கைக்கு மறுப்புகளும் திருத்தங்களும் எழுந்தன. கும்பலின் பண்பு எதிர்ப்பில் பிறந்ததன்று, அடித்தள மக்களின் வாழ்வில் வழிவழி வந்ததே என்றார் வால்டர் மில்லர் (1958). குளோவர்டும் ஓலினும் வாய்ப்பின்மையையே வலியுறுத்தினர் (1960). அவர்கள் கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. 1962இல் நியூயார்க்கின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியொன்றில், இளைஞர்க்குத் தொழிற்பயிற்சியும் கல்வியும் அளிக்கும் பெருந்திட்டத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று.

சைக்ஸ், மாட்சா இருவரும் 1957இல் கூறியது ஆசிரியர் உளங்கொளத் தக்கது. குற்றம் புரியும் சிறுவன் சமூக நெறியை முற்றாகத் துறந்தவன் அல்லன். ‘அது என் தவறன்று’, ‘யாருக்கும் இழப்பில்லை’, ‘அவனுக்கு அது வேண்டியதுதான்’, ‘குறை கூறுவோர் மட்டும் யோக்கியரா’, ‘நண்பர்க்காகச் செய்தேன்’ என ஐவகைச் சமாதானங்களை அவன் நாடுகிறான். நெறியை அறவே மறுத்தவனுக்குச் சமாதானம் எதற்கு? அவன் உள்ளத்தில் நெறி இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதுவே சான்று.

இங்கிலாந்தில் ஆய்வு வேறு திசையில் சென்றது. 1964இல் கிளாக்டன் கடற்கரையில் நிகழ்ந்த இளைஞர் கலவரத்தைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியதை ஸ்டான்லி கோகன் 1972இல் விளக்கினார். தீயவன் என்று ஊரார் சூட்டும் பெயரே ஒருவனைத் தீமையின்பால் மேலும் தள்ளக்கூடும் என்பது அவர் தந்த எச்சரிக்கை. பால் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட நூலில், தொழிலாளர் குடும்பத்து மாணவர் பன்னிருவரைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். ஆசிரியரை எள்ளி நகையாடி வெற்றி கண்டதாக எண்ணிய அவர்கள், அந்த எதிர்ப்பினாலேயே கடைநிலை வேலைகளைத் தாமே தேடிச் சென்றனர்.

இக்கொள்கைகள் குறையற்றவை அல்ல. அவற்றுட் பல சிறுமியரை மறந்தன, வறியோரையே நோக்கின, வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பிழைகள் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாதிருக்கலாம் என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை. அன்றியும், ஒரே தெருவில் வளர்ந்தோருள் பெரும்பாலோர் நேர்வழியில் வாழ்வதற்கான காரணத்தையும் அவை முழுமையாக விளக்கவில்லை.

எனினும், இவ்வரலாறு உணர்த்தும் உண்மையொன்று உண்டு. மதிப்பை நாடுவது மனித இயல்பு. வகுப்பறையில் அது கிட்டாத மாணவன் அதனைத் தெருமுனையில் தேடுவான். அங்கு அதனைத் தரக் காத்திருப்போர் உண்டு. தோட்டத்தை விட்டு நகரோரத்திற்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கற்பிக்கும் மலேசியத் தமிழாசிரியர்க்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. தேர்வில் பின்தங்கிய மாணவனுக்கும் திடலிலோ மேடையிலோ தோட்டவேலையிலோ கைத்தொழிலிலோ தலைநிமிர ஓரிடம் அமைத்துத் தருவது பள்ளியின் கடமையாகும். தவறு செய்தவனைத் திருத்துதல் வேறு. அவனுக்குத் தீயவன் எனப் பெயர் சூட்டுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த ஆசிரியர், கும்பலின் கைக்குச் செல்லவிருக்கும் ஒரு சிறுவனையேனும் மீட்டல் கூடும்.